கொட்டாங்குச்சியில் ஊற்றுத் தண்ணீர்

செப்டம்பர் 3, 2019, செவ்வாய்

ஜாவாவில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் கிழமையும் உண்டு; அதில் லெகியன்று பிறந்ததால் நான் லெகிமான். பேர் யோசிக்க என் அப்பா எடுத்துக்கொண்ட சிரமம் அவ்வளவுதான். இன்றும் லெகி. பிறந்த கிழமையில் நல்லது நடக்கும் என்பாள் என் மனைவி ருமி. நடந்தது: ஊற்றங்கரையில் இருக்கும் என் காபிக்கடையில் ஒரு பெஞ்சு உடைந்தது, ஓர் ஆளின் மூக்கு உடைந்தது. மூக்கு என்னுடையதல்ல. அந்த மட்டில் நல்ல நாள்தான்.

காரணம் வழக்கம்போலத் தண்ணீர். ஏப்ரலுக்குப் பிறகு மழை இல்லை. கீழ்வயல்காரன் ஒருவன் முறை தப்பி மடையைத் திறந்துவிட்டான். என் மச்சான் சுராதின் மண்வெட்டிக் காம்பைச் சுழற்றினான். சுராதின் ருமிக்குத் தம்பி. ஊற்றுக்குக் கீழே முதல் வயல் அவனுடையது. தலைமடையும் அவன் பொறுப்பு. கீழே இருக்கும் அத்தனை வயலுக்கும் அவன் வரப்பைத் தாண்டித்தான் தண்ணீர் போயாக வேண்டும். அவனுக்கு வாய் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும். அதற்குள் கை பேசி முடித்திருக்கும்.

அடித்தவனும் அடிவாங்கியவனும் பிறகு என் கடையில் சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்தார்கள். பெஞ்சு உடைந்தது அப்போதுதான்.

மூக்கில் வழிந்த ரத்தத்தை அந்த ஆள் ஊற்றில் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஊர்த்தலைவன் ஹர்தோயோ ஒரு விருந்தாளியோடு வந்து இறங்கினான். பாக் அர்தாந்தோ, சுரபாயா நகரத்துக்காரர்; பாக் என்றால் எங்கள் பேச்சில் ஐயா. வழவழவென்று முகம், மெதுவான பேச்சு. ஷூவைக் கழற்றிவிட்டு, சிவந்த தண்ணீர் நகரும்வரை காத்திருந்து, பிறகு காலை உள்ளே விட்டார்.

"இந்தத் தண்ணி பேசுது பாக்" என்றார் என்னிடம்.

"அப்படியா? என்ன சொல்லுது?"

"முதலீடு பண்ணச் சொல்லுது."

முப்பது வருடமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

திட்டம் தெரிந்துவிட்டது. ஊற்றைச் சுற்றி மதில். உள்ளே நீச்சல் குளங்கள், சறுக்குமரம், தங்கும் விடுதி. மிச்சத் தண்ணீர் குழாய் வழியாக லாரிக்கு. என் ஓலைக்கடை போய்க் கண்ணாடிக்கடை வரும். 'லெகிமான் காபி' என்று விளக்கில் பேர் எரியும். குளத்தில் நிகழ்ச்சி நடந்தால் மைக்கும் என் கையில்தானாம். பாக் அர்தாந்தோ என் தோளில் கைபோட்டுச் சொன்னார். கூச்சப்படாமல் எழுதுகிறேன்: வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, சோப்பு டப்பாவை மைக்காகப் பிடித்துப் பேசிப் பார்த்தேன்.

ருமி பார்த்துவிட்டாள். "பேரு எரியும்போது நீயும் கூட நின்னு எரிவியா?" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

ஊர்க்கூட்டம். கேக் கொடுத்தார்கள். எல்லோரும் தின்றுகொண்டே தலையாட்டினார்கள். சுராதின் மட்டும் கேக்கைத் தொடவில்லை.

"மதில் கட்டுங்க. தலைமடை எங்க இருக்கும்?" என்று கேட்டான்.

"மதிலுக்கு உள்ள" என்றான் ஹர்தோயோ.

"சாவி?"

ஹர்தோயோவின் பின்னால் நின்ற ஜெமிங் சிரித்தான். சந்தையில் வண்டி நிறுத்த இடம் பிடித்துக் கொடுப்பது ஜெமிங்கின் தொழில். இடம் வேண்டாம் என்பவர்களின் பல்லைக் கழற்றுவதும் அதே தொழிலில் அடக்கம்.

"அப்ப நான் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றான் சுராதின். முதல் வயல்காரன் ஒப்பாமல் கீழே யாரும் ஒப்ப முடியாது. அது வழக்கம். கேக்குத் தட்டுகள் அப்படியே நின்றன.

செப்டம்பர் 16, திங்கள்

சுராதினின் மிளகாய்ச் செடிகளை இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். காய்த்து நின்ற செடிகள். அவனுடைய வாத்துகளின் கழுத்தைத் திருகி வரப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லா அலகும் தலைமடையைப் பார்த்து. கோணலில்லாமல், நேர்த்தியாக. இவ்வளவு பொறுமை உள்ள ஜெமிங்கை ஏன் பள்ளிக்கூடத்தில் உருப்படாதவன் என்றார்களோ.

செப்டம்பர் 17, செவ்வாய்

சுராதின் அரிவாளோடு சந்தைக்குப் போனான். தடுக்க நானும் பின்னால் ஓடினேன். இரண்டையும் எழுத வேண்டும்: ஓடினேன்; பிறகு தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் பதுங்கினேன்.

அரிவாள் ஜெமிங்கின் முழங்கையைக் கீறியது. அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அவர்கள் நாலைந்து பேர். இரும்புக் குழாய். குழாய் மனிதன் மேல் படும் சத்தம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. யாரோ படுக்கையைத் தட்டுவது போல. விலா எலும்பு விட்டுப்போயிற்று. தூக்கி வரும்போது அவன் கேட்டான்:

"அத்தான், தேங்கா என்ன வெல?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

ஊற்றின் மட்டம் கல்படிக்குக் கீழே போய்விட்டது. அடுத்த வெள்ளி சாட்டையடி என்று முடிவாகியிருக்கிறது. நாங்கள் திபான் என்போம். மழை பொய்த்தால் ஆண்கள் சட்டையைக் கழற்றி, பனை ஈர்க்கு முறுக்கிய சாட்டையால் ஒருவரை ஒருவர் அடிக்க வேண்டும். ரத்தம் மண்ணில் விழுந்தால் மழை விழும்.

நடுவர் நான்தான். என் வேலை: சாட்டைகளை விரலால் உருவிப் பார்த்து முள்ளில்லை என்று உறுதி செய்வது, நடுவில் ஆடிக் கேலி பேசி எவனும் எவனையும் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. முகத்தில் அடிக்கக் கூடாது. முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து, ஒரே கொட்டாங்குச்சியில் ஊற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் "முடிந்தது" என்பேன். அதற்குமேல் அந்தச் சண்டையை வெளியே தூக்கிப்போகிறவன் மனிதனே இல்லை. கொட்டாங்குச்சி எங்கள் வீட்டு உத்தரத்தில்தான் தொங்குகிறது. ருமியின் அப்பா எனக்கு முன்னால் நடுவர். பெண்ணோடு சேர்த்து அதையும் கொடுத்தார். அவர் காலத்தில் ஒருவன் குடிக்காமலே கோபித்துக்கொண்டு போய்விட்டானாம். அவன் திரும்பி வந்து குடிக்கும்வரை ஊற்றங்கரையில் யாரும் விதைக்கவில்லை, கல்யாணம் செய்யவில்லை, ஒரு முளைக்குச்சிகூட அடிக்கவில்லையாம்.

ஹர்தோயோ கடைக்கு வந்தான். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாத்தியாரிடம், ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள்.

"டேய் மான், ஊத்து விவகாரத்த ஆட்டத்துலயே தீத்துக்கலாம். ஜெமிங்கும் சுராதினும் எறங்கட்டும். எவன் கீழ விழறானோ அவன் தண்ணியக் குடிச்சிட்டு வாய மூடிக்கணும்."

"வெலா எலும்பு இன்னும் கூடலடா அவனுக்கு."

"அவன்தான் சரின்னான். கேட்டுப் பாரு."

கேட்டேன். "விழ மாட்டேன் அத்தான்" என்றான் சுராதின். எதிரே யார் என்றுகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

எழுத வேண்டும்.

தொழுகை முடிந்து கூட்டம். பாக் அர்தாந்தோவுக்கு நாற்காலி, குடை. இதுவரை தொண்டையால் கத்தித்தான் நடத்தியிருக்கிறேன். இன்று அவர் எழுந்து வந்து என் வலது கையில் மைக்கைக் கொடுத்தார். இடது கையில் ஒரு கிராம்பு சிகரெட்டையும் வைத்துப் பற்றவைத்தார். நான் பேசினேன். என் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. சுரபாயா சிரித்தது! என் ஒவ்வொரு கேலிக்கும் அந்த மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் இன்னும் சொன்னேன், இன்னும்.

சாட்டைகளை நீட்டினார்கள். இரண்டு கையிலும் சாமான். கண்ணால் பார்த்து, "நல்லாருக்கு, என் பொண்டாட்டி நாக்கு அளவுக்குக் கூர் இல்ல" என்றேன். சிரிப்பு.

விரலால் உருவவில்லை. இருபது வருடத்தில் முதல்முறை.

முதல் அடி சுராதினுடையது. ஜெமிங்கின் முதுகில் சிவப்புக் கோடு. நியாயமான அடி. அடுத்தது ஜெமிங். தோளில் விழுந்து, இழுத்தபோது தோலும் கூடவே வந்தது. அப்போதே தெரிந்தது. நுனியில் சீவாத ஈர்க்கு, ரம்பம் மாதிரி. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேனா? திறந்தேன். மைக் கீச்சென்று கத்தியது. கூட்டம் அதற்கும் சிரித்தது. அதற்குள் ஜெமிங் முறை தப்பி இன்னொரு அடி.

முகத்தில்.

சுராதின் கத்தவில்லை. உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். விரல் இடுக்கு வழியாக வந்தது ரத்தம் மட்டும் இல்லை.

ஹர்தோயோதான் முதலில் ஓடி வந்தான். தூக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். கொட்டாங்குச்சியை எடுத்து, நினைவில்லாத சுராதினின் வாயில் தண்ணீரை ஊற்றினான். பாதி வழிந்தது. மிச்சத்தை ஜெமிங் குடித்தான். சுராதினின் கையைத் தூக்கி ஜெமிங்கின் கழுத்தில் போட்டார்கள். பிணத்துக்குச் சட்டை மாட்டுவது போல.

"சொல்லுடா மான்!"

நான் சொன்னேன். மைக்கில். "முடிந்தது."

ஏன் சொன்னேன்? இருபது வருடம் சொன்ன வாய், கட்டிப்பிடித்ததைப் பார்த்ததும் தானாகச் சொல்லிவிட்டது. வேறு காரணம் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

அப்போது தூறியது. கைப்பிடி அளவு மழை. புழுதி நனைந்து மணந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அக்டோபர் 12, சனி

வலது கண் போய்விட்டது.

அக்டோபர் 14, திங்கள்

போலீஸ் சாவடிக்குப் போனேன். அங்கே இருந்தவர் பக்கத்து ஊர்க்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி:

"தண்ணி குடிச்சாச்சா?"

"வாயில ஊத்துனாங்க."

"நீங்க முடிஞ்சதுன்னு சொன்னீங்களா பாக்?"

திரும்பி வந்தேன்.

ஊரிலும் அதே பேச்சு. மழை வந்ததே, பூமி ஏற்றுக்கொண்டதே, இனி என்ன. கீழ்வயல்காரர்கள்கூட. போன மாதம் சுராதினிடம் மூக்குடைபட்டவன் மட்டும் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

பாக் அர்தாந்தோ கடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே. "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது பாக்" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, வியாழக்கிழமை இருபத்திநாலாம் தேதி இயந்திரம் வருகிறது, அன்று என் கடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

அக்டோபர் 15, செவ்வாய்

ருமி மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று பேசினாள். கோழி அறுத்துக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்காமலே:

"எவன் வாயிலயாச்சும் தண்ணிய ஊத்துனா அவன் குடிச்சதா ஆயிடுமா?"

"ஆகாது."

"பின்ன ஏன் சொன்ன?"

நான் சிதறிக் கிடந்த இறகுகளைப் பொறுக்கினேன்.

"ஊரையே சிரிக்க வைப்ப. நீ சொன்னதுலேயே பெரிய கேலி அதுதான்யா. என் தம்பி கண்ணப் பிடுங்கிட்டு முடிஞ்சதுன்னியே!"

கோழித்தலை என் காலருகே வந்து விழுந்தது. வேண்டுமென்று எறிந்தாளா, தானாக உருண்டதா, கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

கைப்பிடி மழை போதாது. நாளை இரண்டாவது சாட்டையடி. புதுச் சாட்டைகள் கட்டினேன். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருவினேன். இரண்டு விரலில் தோல் அறுந்தது. மறுபடி சீவினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். நடுவில் போய் நின்று சட்டையைக் கழற்றினேன். ஐம்பத்திரண்டு வயது வயிறு வெயிலைப் பார்த்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புதுக் கேலி என்று நினைத்தார்கள். ஒரு சாட்டையை எடுத்து ஹர்தோயோவின் காலடியில் போட்டேன்.

சிரிப்பு நின்றது.

"என்னடா இது?" என்றான் மெதுவாக.

"எறங்கு."

"பைத்தியமாடா? ஊர்த்தலைவன் நான்."

"அதனாலதான். சாட்டைய மிதிச்சிட்டுப் போறியா, எடுக்கறியா?"

விருந்தாளி நாற்காலியில் இருக்கிறார். ஊர் பார்க்கிறது. எடுத்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டே ஊருக்காகக் கேட்டான்: "ஒன் வயிறு உள்ள வருமாடா?"

"நான் முன்னாடி வர்றேன். அது பின்னாடி வரும்."

"நடுவர் யாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நானேதான். ஊர்ல ஆள் பஞ்சம்."

சாட்டையடி அவ்வளவாக வலிக்காது என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். பொய். முதல் அடியில் மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. தோளைத் தாண்டி முதுகில் சுற்றி, சதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிற்று. பிறகு என் முறை. அவன் மார்பில். அவன் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. பிரம்படிக்கும் இவன் இப்படித்தான் பல்லைக் கடிப்பான். மாறி மாறி. மண் வழுக்க ஆரம்பித்தது. யாருடைய ரத்தம் என்று தெரியாத அளவுக்கு. ஒரு கட்டத்தில் அவன் முகம் எனக்கு நேராக, பக்கத்தில் இருந்தது. இரண்டு கண்ணோடும். சாட்டை ஓங்கியிருந்தது. ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். அவனுக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

வயிற்றில் அடித்தேன்.

விழுந்தான். நானும் விழுந்தேன். அதில் யார் முதலில் என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது.

கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்தார்கள். ஹர்தோயோ தன் பங்கை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். கையை விரித்து, "வாடா, போதும்" என்றான். அதில் நடிப்பு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாங்கினேன். கவிழ்த்தேன். தண்ணீர் ரத்தச்சேற்றில் விழுந்தது.

"நான் குடிக்கல" என்றேன். "நடுவரும் முடிஞ்சதுன்னு சொல்லல."

கொட்டாங்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். பெரிய வீரநடை என்று எழுத ஆசை. கைலி அவிழ்ந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

உட்கார முடியவில்லை. ருமி மஞ்சள் அரைத்துப் பூசுகிறாள். மென்மையாக இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

இயந்திரம் வந்தது. மஞ்சள் நிறம், பெரிய வாய். ஓட்டுநர் இறங்கி என் கடையில் காபி கேட்டார். என் முதுகைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"குடிக்கலயா?"

"குடிக்கல."

காபியை முடித்தார். இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாக் அர்தாந்தோ சாலைவரை பின்னால் ஓடினார். கொத்தனார்கள் வரவில்லை. வேலை தொடங்கும் விருந்துக்குச் சோறு வடிக்க ஒரு பெண்ணும் வரவில்லை. ஜெமிங்கே முளைக்குச்சியைக் கையில் எடுத்தானாம், ஊற்றைப் பார்த்தானாம், கீழே வைத்துவிட்டானாம். அவனும் இந்தப் பக்கத்துத் தாய்க்குப் பிறந்தவன்தானே.

நவம்பர் 8, வெள்ளி

பாக் அர்தாந்தோ விடைபெற்றார். வேறு மாவட்டத்தில் ஓர் ஊற்று பார்த்திருக்கிறாராம். அங்கே மக்கள் சாந்தமானவர்களாம். எனக்கு ஒரு கேக் கொடுத்தார். கோழிகளுக்குப் போட்டேன். தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கின்றன.

இரவு கூரையில் கல் விழுந்தது. ஹர்தோயோவின் ஆட்கள். ஓர் ஓடு போயிற்று.

நவம்பர் 29, வெள்ளி

மீண்டும் கல். என் மகளுக்குப் பேசிய இடத்தில் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். ஊற்றங்கரையில்தான் மாலை மாற்ற வேண்டும். சண்டை திறந்து கிடக்கும்வரை முடியாது. கீழ்வயலில் நாற்றங்காலுக்கு யாரும் கரையோரம் விதைக்கவில்லை. வீட்டு வாசலில் தகரத் தட்டுகளில் விதைக்கிறார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. கடைக்கும் முன்போல் வருவதில்லை.

மகள் இன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப குடிச்சிடாத அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரி 9, 2020, வியாழன்

காலையிலிருந்து மழை. சரியான மழை, யாரும் அடித்துக்கொள்ளாமலே வந்தது.

உடைந்த ஓடு என் தலையணைக்கு நேர் மேலே. ருமி உத்தரத்திலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்தாள். "அது எதுக்கு இருக்குன்னு தெரியுமில்ல?" என்றேன். "சும்மாதானே தொங்குது" என்றாள்.

சுராதின் நனைந்துகொண்டே வந்தான். தலைமடையைத் திறந்துவிட்டு வருகிறான். இப்போதெல்லாம் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறான். காபியை எடுக்கக் கை ஒருமுறை காற்றைப் பிடித்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். "அதான் கெடச்சிருச்சுல்ல, மூஞ்சியத் திருப்பாத அத்தான்" என்றான்.

மத்தியானம் வாசலில் ஹர்தோயோ. தனியாக. குடை இல்லை. சுராதின் எழுந்து நின்றான். கை மண்வெட்டியைத் தேடியது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஓடு மாத்தித் தரட்டுமாடா மான்?" என்றான் ஹர்தோயோ.

"வேணாம். ஒன் கல்லெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவன் பார்வை கட்டிலில் இருந்த கொட்டாங்குச்சிக்குப் போயிற்று. விளிம்புவரை நிறைந்திருந்தது. வெகுநேரம் பார்த்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது. எனக்கும், ஏனோ, தாகம் எடுத்தது.

ருமி எழுந்தாள். தளும்பாமல் இரண்டு கையாலும் கொட்டாங்குச்சியை எடுத்தாள். வாசலுக்கு வந்தாள். அவன் கையை நீட்டினான்.

அவன் காலைத் தாண்டிச் சேற்றில் கொட்டினாள். உள்ளே போய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள். காலிக் கொட்டாங்குச்சியில் சொட்டு விழும் சத்தம் மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தது.